இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்து

1946, பங்குனி. காரிமங்கலம் சந்தை நாள்.

மண்ணெண்ணெய் பங்கீட்டில் வரும் காலத்தில் எனக்காக விளக்கு எரிப்பது தப்புதான். ஆனால் எழுதாமல் தூக்கம் வராது.

இந்தப் பெண்கள் விடுதியை என்னிடம் ஒப்படைத்ததிலிருந்து எல்லாச் சாவிகளும் என் இடுப்பில்தான் இருக்கின்றன. அது தலைமையாசிரியையின் உத்தரவு. திருட்டுக்குப் பயந்து கிணற்றுக் கயிற்றைக்கூட இரவில் சாமான் அறையில் பூட்டிவிடுவோம். இன்று கேழ்வரகு வாங்க இருட்டோடு கிளம்பிவிட்டேன். பாதி வழியில் பஸ் குலுங்கியபோது இடுப்பில் சாவி சத்தம் கேட்டது. கயிற்றை வெளியே எடுத்து வைக்காமலே வந்துவிட்டேன்.

மதியம் திரும்பினேன். சமையற்கார முனியம்மா பக்கத்து வீட்டில் கயிறு இரவல் வாங்கித் தண்ணீர் இறைத்து, நேற்றே அளந்து கொடுத்திருந்த சாமானில் சமைத்திருந்தாள்.

"கயித்தப் பூட்டிட்டுப் போனீங்களே, கெணத்தையும் கையோட கூட்டிட்டுப் போயிருக்கலாம்லங்க?"

பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அங்கேயே சாமான் அறைச் சாவியைக் கழற்றி அவளிடம் கொடுத்தேன்.

"பெரிய டீச்சரம்மா ஏசுவாங்களேங்க?"

"நான் பேசிக்கிறேன்."

அப்படிச் சொன்னது நான்தானா! மாலை முழுக்கச் சாவி கேட்டு யாரும் என் கதவைத் தட்டவில்லை. வெகு நாளைக்குப் பின் சோறு ருசித்தது.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான். உத்தரவை மீறியதற்காக இந்த வேலை போனால் அப்பா தாங்க மாட்டார். ஆனாலும் நாளைக் காலையில் தலைமையாசிரியையைப் பார்த்து, சாவி முனியம்மாவிடமே இருக்கட்டும் என்று சொல்வேன். அவர் சம்மதித்தால், இத்தனை மாதமாகத் தொண்டையிலேயே நின்றுவிட்ட ஒன்றையும் கேட்டுவிடுவேன்.

"ஞாயிறு மத்தியானம் மட்டும் எனக்கு லீவு வேண்டும், அம்மா."