அம்மிகள் தேரேறிய வருஷம்

மாஸ்டர், என் சட்டைப்பையில் நசுங்கின எலுமிச்சம்பழம் ஒன்று இருக்கிறது. நேற்று தேர்ச் சக்கரத்துக்கு அடியில் வைத்து நசுக்கினது. அந்த வாசனை மூக்கில் ஏறும்போதெல்லாம் மடுல்சீமை தேத்தண்ணிக் கடையும், மேசை மேல் ஒரு சிரட்டையும், அதற்குப் பின்னால் உங்கள் மூக்குக் கண்ணாடியும் சேர்ந்து எழுந்து வருகின்றன. உங்களுக்குச் சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நம் தோட்டத்துக் கீழ் டிவிசன் மாரியம்மன் தேர் இந்த வருஷம் விழவில்லை. சாய்ந்தது; சாய்ந்துவிட்டுத் திரும்பி வந்தது. அந்த வித்தியாசத்தைச் சொன்னது நீங்கள். அதைத் தேரில் ஏற்றினது நான்.

நீங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து எங்கள் தோட்டப் பாடசாலைக்கு விஞ்ஞானம் படிப்பிக்க வந்தவர். நான் தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டினவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை மன்னித்து விட்டவன். பசறையில் பஸ் தவறிப்போன நாட்களில் என் லொறியின் முன் சீட்டில் ஏறிக்கொள்வீர்கள். ஊவா மாகாணத்தில் என்னைப் போல வளைவெடுக்க இன்னொருவன் பிறக்கவில்லை. இதைப் பதுளை வரைக்கும் எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். நீங்கள் மட்டும் கதவுப் பிடியை விடாமல், "என்ன காணும், பாரமெல்லாம் மேலயல்லோ கிடக்குது" என்பீர்கள்.

ஒரு மழை நாளில் ரோட்டில் மண் சரிந்து கிடக்க, கடையில் உட்கார்ந்திருந்தோம். லொறி கவிழ்வதைப் பற்றி நமக்குள் பெரிய வாக்குவாதம். நான் விடவில்லை. நீங்கள் எழுந்துபோய் அடுப்படியிலிருந்து ஒரு சிரட்டையும் எலுமிச்சம்பழமும் வாங்கி வந்தீர்கள். நிமிர்ந்த சிரட்டைக்குள் பழத்தைப் போட்டு விரலால் தட்டினீர்கள். ஏறிப் போய், இறங்கி, பழைய இடத்துக்கே வந்து நின்றது. சிரட்டையைக் கவிழ்த்து அதன் முதுகில் பழத்தை நிறுத்தினீர்கள். பட்டும் படாமலும் தட்டினதற்கே உருண்டோடிப் பெஞ்சுக்கடியில் போய்விட்டது. கடைசியில் வெறும் மேசையில் வைத்துத் தட்டினீர்கள். போன இடத்திலேயே நின்றுவிட்டது. வரவும் இல்லை, விழவும் இல்லை.

"ஆடாமல் நிக்கிறதெல்லாம் உறுதி இல்லைக் காணும். ஒரு தட்டுத் தட்டிப் பாரும். திரும்பி வருதோ, அதுதான் உறுதி."

அதற்குப் பிறகு அந்தப் பழத்தை நீங்கள் உருட்டாத இடமில்லை. எனக்குக் காய்ச்சல் வந்து வேர்த்துக் கொட்டினபோது, உடம்பு தன் பழைய சூட்டுக்குத் திரும்பி வருகிறது என்றீர்கள். எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் இருக்கிற மலையைக் காட்டி, அது நிற்பதைப் பார்த்து நம்பாதே, மழை தட்டினால்தான் தெரியும், மரத்து வேரையெல்லாம் வெட்டாமல் விடச் சொல் என்றீர்கள். தேயிலையில் புழு பெருகினால் குருவி பெருகும், குருவி பெருகினால் புழு அடங்கும், அங்கேயும் இதே கதை என்றீர்கள். போத்தலில் கெடாமல் இருக்கிற மருந்துக்கும் இதே மாதிரி ஒரு பள்ளம் இருக்கிறதாம். அது மட்டும் எனக்குப் பாதிதான் புரிந்தது; மீதியை நானே கண்டுபிடித்துக்கொண்டேன். இத்தனை விஞ்ஞானத்தோடு என் பெண்சாதியின் கோபத்தையும் நான் சேர்த்துக்கொண்டபோது, நீங்கள் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி உங்கள் மூக்கு வழியாக வந்தது.

போன வருஷத் தேர்க் கதை உங்களுக்குத் தெரியும். ட்ராக்டர் பெட்டியின் மேல் மூங்கில் கட்டி எழுப்புகிற தேர். மேல் டிவிசன்காரனை முந்த வேண்டுமென்று வருஷா வருஷம் ஒரு தட்டு கூட்டிக்கொண்டே போனோம். சத்தம் அவர்கள் லயம் வரைக்கும் கேட்கட்டுமென்று ஸ்பீக்கர் பெட்டிகளையும் உச்சியில் கட்டினோம். மலையிலிருந்து பீலித் தண்ணி கொட்டுகிற வளைவில் தேர் சாய்ந்தது. பொடியன்கள் கம்பு கொடுத்துத் தாங்கியிராவிட்டால் அம்மன் தேயிலைக்குள்தான் கிடந்திருப்பாள். இன்னொரு தரம் சாய்ந்து விழப் பார்த்தால் தேர் ரோட்டில் இறங்கவே கூடாதென்று தோட்டத்துத் துரை சொல்லிவிட்டார். மேல் டிவிசன்காரன் ஒருவன் என்னிடமே, "ஒங்க ஆத்தாளுக்குத் தூக்கம் வந்துருச்சாப்பா?" என்று கேட்டான்.

அதற்கு என்ன பதில் சொல்லலாமென்று உங்களிடம் கேட்க இருந்தேன். அதற்குள் யாழ்ப்பாணத்திலிருந்து உங்கள் மகன் போன் எடுத்து, நீங்கள் இனி இல்லை என்றார். கொஞ்ச காலம் நான் கடைப் பக்கமே போகவில்லை.

இந்த வருஷம் கோயில் கமிட்டி கூடினபோது, தேரில் பாதியை வெட்டிவிடலாமென்று தலைவர் சொன்னார். தலை குனிந்து போகிற தேர் எதற்கு? நான் எழுந்தேன்.

"ஒசரத்துல கை வைக்காதீங்க. பாரத்தக் கீழ எறக்குவோம்."

ஸ்பீக்கர்களை இறக்கியாயிற்று. அடியில் பாரத்துக்கு எதை வைப்பது? அம்மனுக்குக் கீழே கண்ட கல்லையும் போட விடமாட்டேன் என்றார் பூசாரி. வீட்டு அம்மி கண்ட கல்லா என்று கேட்டேன். அப்படியென்றால் மஞ்சள் பூசாமல் ஏற்றாதீர்கள் என்றார். லயத்துச் சனமெல்லாம் அம்மியைக் கழுவி, மஞ்சள் பூசி, குழவியும் கையுமாகக் கொண்டுவந்து ஏற்றினார்கள்.

காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் இழுத்துப் பார்த்தோம். திருப்பத்தில் குழவியெல்லாம் ஒரே பக்கம் உருண்டு போய்க் குவிய, தேர் முன்னைவிட மோசமாகச் சாய்ந்து நின்றது. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். எனக்கு அப்போது வெறும் மேசையில் நின்ற பழம் கண் முன்னே வந்தது, மாஸ்டர். போன இடத்திலேயே நின்றுவிடுகிற சாமான் நமக்கு ஆகாது. அம்மிகளுக்கு ஆப்பு வைத்து இறுக்குங்கள், குழவியெல்லாம் வீட்டுக்குப் போகட்டும் என்றேன். லயத்தில் கடைசிக் காம்பிரா வீட்டில் இருக்கிற செல்லம்மா அக்கா தன் குழவியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றது.

"அம்மிய ஊர்வலம் அனுப்பிட்டு இத வச்சு நான் எதத் தம்பி அரைக்கிறது? ஒன் மண்டையையா?"

நேற்று சக்கரத்துக்குப் பழம் வைத்து, வடம் பிடித்தோம். பீலி வளைவு வந்ததும் தப்பு மேளச் சத்தம் தானாக அடங்கிற்று. குடை பிடித்தபடி துரை கல் மேல் நிற்கிறார். எதிரே மேல் டிவிசன் முழுக்க நிற்கிறது. உள் சக்கரம் பள்ளத்தில் இறங்க, தேர் சாய்ந்தது. அம்மனின் மாலை தேயிலைக் கொழுந்தைத் தொட்டது என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன், தொட்டிருக்கும். பொடியன்கள் கம்பை ஓங்கினார்கள்.

"ஒருத்தனும் தொடாதீங்கடா," என்றேன்.

தேர் ஒரு மூச்சு நேரம் அப்படியே நின்றது. பிறகு கீழே கிடந்த அத்தனை அம்மிகளும் சேர்ந்து இழுத்தது போல, மெதுவாக நிமிர்ந்தது. அந்தப் பக்கம் கொஞ்சம் ஆடி, இந்தப் பக்கம் கொஞ்சம் ஆடி, நேராக நின்றது. சிரட்டைக்குள் பழம் அடங்கினது போலவே. அதற்கப்புறம் அடித்த தப்பு எல்ல ஊர் வரைக்கும் கேட்டிருக்கும். துரை குடையை மடக்கிவிட்டு அடுத்த வருஷமும் பார்க்கலாம் என்று சொல்லிப் போனார். ஆத்தாளுக்குத் தூக்கமா என்று கேட்டவன் சாயங்காலம் என்னிடம் வந்து, "அண்ணே, அந்த அம்மி விசயம் என்னா?" என்று இழுத்தான். அது பௌதிகம், ஒரு தேத்தண்ணியில் புரியாது, இரண்டு வாங்கு என்றேன்.

எல்லோரிடமும் என் யோசனை என்றுதான் சொல்கிறேன், மாஸ்டர். இரண்டாவதாக உங்கள் பெயர் வந்துவிடுகிறது. சொல்லச் சொல்ல அது முதலாவதாகிவிடுகிறது, நான் என்ன செய்ய?

உங்கள் மகன் போன் எடுத்த அன்று எனக்கு விழுந்தது லேசான தட்டு இல்லை. ஆனால் நேற்று அந்த வளைவில் நின்று கத்தினவன் பழைய நான்தான். திரும்பி வந்துவிட்டேன். என் அடியில் மஞ்சள் பூசி, ஆப்பு வைத்து இறுக்கின அம்மி நீங்கள். கனமாகத்தான் இருக்கிறது. இறக்கி வைக்கிற எண்ணமில்லை.