மலையடியில் நிற்கும் அக்காவுக்கு

சாயப்பட்டறைகளுக்கெல்லாம் பூட்டுப் போட்டு, நொய்யலில் தண்ணீர் தண்ணீரின் நிறத்திலேயே ஓடிய வருஷம் நீங்கள் போனீர்கள், அக்கா. வருஷத்தின் எண் எனக்குத் தெரியாது. வேலையில்லாத ஆண்கள் ஊர் முழுக்க உட்கார்ந்திருந்ததால் உங்கள் சாவுக்குக் கூட்டம் குறையவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

நேற்று என் மகள் போனில் உங்கள் குரலைப் போட்டாள். கோயம்புத்தூர்க் கல்லூரியிலிருந்து ஒரு பெண் வந்து பதிவு செய்துகொண்டு போனாளே, அது எப்படியோ சுற்றி இவளிடம் வந்திருக்கிறது. "ஊட்டா ஆத்தா?" என்று கேட்கிறீர்கள். சாப்பிட்டாயா என்று நம் வீட்டுப் பேச்சில் என்னைக் கேட்க இன்று ஆள் இல்லை. சோற்றைக் கீழே வைத்துவிட்டேன்.

மலைக்கு அந்தப் பக்கமிருந்து நம் முன்னோர் கொண்டுவந்த கன்னடம் அது. அதற்கு எழுத்து கிடையாது, எனக்கும் கிடையாது. இதைக்கூட நான் சொல்லச் சொல்ல வேறொருவர்தான் தமிழில் எழுதுகிறார். நீங்கள் இருந்தால் திட்டுவீர்கள். உங்கள் வாசலில் தமிழில் கூப்பிட்டால் கதவு திறக்காது. பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையிலும் நம் பெண்களோடு அந்தப் பேச்சுத்தான். சூப்பர்வைசர் வந்து, "ஏனுங்க்கா, என்னையத்தானே திட்டறீங்க?" என்று கேட்பான். "உன்னையத் திட்டறதுன்னா தமிழ்லயே திட்டுவேன் கண்ணு. உனக்குப் புரிய வேண்டாமா?" என்பீர்கள். மேசையே சிரிக்கும்.

பதிவு செய்ய வந்த கல்லூரிப் பெண்ணுக்கு எல்லாவற்றையும் சொன்னீர்கள். தாலாட்டு, தானியங்களின் பேர், வசவு வரைக்கும். வழி சொல்வதை மட்டும் சொல்லவில்லை. பிணத்தைத் தூக்குவதற்கு முன் தலைமாட்டில் உட்கார்ந்து, முன்னோர் வந்த பாதையில் திரும்பிப் போகச் செத்தவருக்கு வழி சொல்ல வேண்டும். அவிநாசி தாண்டு, சேவூரில் தண்ணீர் குடி, புளியம்பட்டி, சத்தியில் ஆறு, அப்புறம் மலை. நம் லைன் வீடுகளில் எல்லாருக்கும் நீங்கள்தான் சொன்னீர்கள். சாவு இல்லாத இடத்தில் அதை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. அதனால் சாவு வீட்டில் கேட்டுத்தான் கற்றுக்கொள்ள முடியும்.

"செத்தவங்களுக்குத் தமிழ் தெரியாதாக்கா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"தெரியும். மலைக்கு அந்தப்பக்கம் காத்துட்டு இருக்கறவங்களுக்குத் தெரியாது."

உங்களுக்கு வழி சொல்ல நான் உட்கார்ந்தேன். சத்தி ஆறு வரை தடுமாறாமல் கூட்டிப் போனேன். மலையடியில் பாதை பிரிகிறது. வலப்பக்கம் போ என்றேன். உங்கள் நாத்தனார் பின்னாலிருந்து குரல் கொடுத்தாள்.

"எடப்பக்கம்! வலப்பக்கம் போனா காட்டுக்குள்ள நிக்கோணும்."

"நீ போயிப் பாத்தியா?"

"நீங்க பாத்தீங்களாக்கும்? ஊத்துக்குளிச் சந்தைக்கே நாலு பேரைக் கேட்டுப் போற ஆளு!"

பிணத்துக்கு மேலே நம் பேச்சிலேயே சண்டை போட்டோம். அந்த வீட்டில் கடைசியாக அது அவ்வளவு நேரம் ஒலித்தது அன்றைக்குத்தான். விடுதியில் தங்கிப் படித்து வளர்ந்த உங்கள் மகனுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. "ஏனுங்க மாமா, வண்டிக்காரன் ஆரன் அடிக்கறானுங்க. மயானத்துல டைம் குடுத்திருக்காங்க. ஏதோ ஒண்ணச் சொல்லி முடிங்க," என்றான். நாங்கள் முடிக்கவில்லை. தூக்கிவிட்டார்கள்.

அன்றிலிருந்து நீங்கள் அந்தப் பிரிவில் நிற்கிறீர்கள். நானும் உங்கள் நாத்தனாரும் பேசிக்கொள்வதில்லை. கல்யாண வீட்டில் பார்த்தால் அவள் பந்தியை மாற்றி உட்காருகிறாள். வழி தெரிந்த மற்றவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். ஆம்புலன்ஸ் வந்து நிற்கும் சாவு வீட்டு வாசலில் வழி சொல்ல எங்கள் இருவரையும் கூப்பிடுவாரும் இல்லை.

நான் சொன்னது வலப்பக்கம்தான் அக்கா, இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் வழியில் நின்றுவிட்டவரை அடுத்துப் போகிறவர் கைபிடித்துக் கூட்டிப் போகலாம் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். போகிறவரின் தலைமாட்டில் உட்கார்ந்து யாராவது அதை நம் பேச்சில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். எனக்கு மூச்சு வாங்குகிறது. மாடிப்படி ஏற முடியவில்லை. உங்களைக் கூட்டிப் போக இனி நான்தான் இருக்கிறேன். நான் போகும்போது எனக்கு வழி சொல்ல ஒரு வாய் வேண்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி முதலிபாளையம் போகிறேன். கதவைத் திறப்பாளோ, மாட்டாளோ. வாசலில் நின்று நம் பேச்சில்தான் கூப்பிடுவேன். இடப்பக்கம் என்று அவள் சொன்னால் இடப்பக்கமே உங்களைக் கூட்டிப் போகிறேன். அதைச் சொல்லத் தெரிந்து இன்று உயிரோடு இருப்பவள் உங்கள் நாத்தனார் ராமக்கா ஒருத்திதான்.