தாவணிக்கு மேலே ஒரு பை

சைதாப்பேட்டை
26.6.1994

அன்புள்ள மாமாவுக்கு,

தேவானை எழுதுவது. நானும் மணிமொழியும் சுகம். மஸ்கட் வெயிலில் லாரி ஓட்டிக் கறுத்துப்போயிருப்பீர்கள். ஏற்கெனவே ஒன்றும் சிவப்பு இல்லை, அதனால் பரவாயில்லை.

நம் பெண் ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விட்டாள். இந்த வருஷத்திலிருந்து அவளுக்குத் தாவணிதான் யூனிஃபார்ம். நீலத் தாவணியில் பார்த்தால் என் கண்ணே பட்டுவிடும் போலிருக்கிறது. நீங்கள் சொல்லிவிட்டுப் போனபடி, சோப்பு டப்பா அளவு இருக்கிற அவளுடைய காது மெஷினை ரவிக்கையில் மாட்டி, தாவணியால் மறைத்து அனுப்பினேன். காதுக்குப் போகும் ஒயரைக்கூடப் பின்னலுக்குள் ஒளித்தேன்.

அந்த வாரமே அழுதுகொண்டு வந்தாள். "தாவணி ஒரசுற சத்தம்தாம்மா கேக்குது. டீச்சர் இன்னா சொல்றாங்கன்னே தெரியல" என்றாள். சாக்குச் சொல்கிறாள் என்று ஓர் அதட்டுப் போட்டேன். பிறகு மனசு கேட்காமல் அதை என் காதில் மாட்டி, மெஷின்மேல் முந்தானையைப் போட்டுப் பார்த்தேன். பழைய பேப்பரைக் கசக்கினாற்போல் ஒரே கரகர. இதைக் கேட்டுக்கொண்டா பிள்ளை கணக்குப் படித்தாள்?

தாவணிக்கு மேலே சின்னப் பை ஒன்று தைத்து மெஷினை வெளியில் வைத்துவிடட்டுமா? ஒரு வார்த்தை எழுதுங்கள்.

உங்கள் தேவானை

மஸ்கட்
9.7.1994

அன்பு தேவானைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. என் நிறத்தைப் பற்றி இவ்வளவு கவலை உனக்கு இருப்பது தெரியாமல் போயிற்று.

மெஷினை வெளியில் வைக்க வேண்டாம். கோபப்படாமல் கேள். சின்னப் பிள்ளையாக இருந்தவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இனி ஊர்க் கண் அவள்மேல்தான். பஸ் ஸ்டாண்டில் எவனாவது 'செவிடு' என்று கூப்பிட்டால் பக்கத்தில் நான் இருக்கப்போகிறேனா? நாளைக்குப் பெண் பார்க்க வருகிறவன் அதைத்தானே முதலில் பார்ப்பான்? செண்பகம் அக்காவும் இதையேதான் எழுதியிருக்கிறாள். முதல் பெஞ்சில் உட்கார்ந்து டீச்சரின் வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளச் சொல். கெட்டிக்காரி, செய்வாள்.

அவளை நினைத்து வெட்கப்படுகிறேன் என்று எண்ணாதே. பயமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

அன்புடன்
கோதண்டபாணி

சைதாப்பேட்டை
24.7.1994

மாமாவுக்கு,

கோபமாகத்தான் எழுதுகிறேன். உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே பையைத் தைத்துவிட்டேன். வந்த பிறகும் தையலைப் பிரிக்கவில்லை.

டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினால், வாயசைவை அவர் முதுகிலா பார்ப்பது? உங்கள் அக்காவிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

பையோடு போன முதல் நாள் வகுப்பே அவளைச் சூழ்ந்துகொண்டதாம். "இன்னாடி இது, ரேடியோவா? பாட்டு வையேன்" என்று ஒருத்தி கேட்டிருக்கிறாள். "என் காதுடி. ஒனக்குத் தலையில கீது, எனக்கு இங்க கீது" என்றாளாம் உங்கள் மகள். இந்த வாய் யாரிடமிருந்து வந்தது என்று நான் சொல்லப்போவதில்லை.

போன வாரம் பள்ளிக்கூடத்தைப் பார்வையிட அதிகாரி வந்தார். கடைசி பெஞ்சுக்குப் பின்னால் நின்று ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். ஏதோ அறிவியல், எனக்குப் புரியவில்லை. யாரும் கை தூக்கவில்லையாம். மணிமொழி எழுந்தாள். அவர் முகத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் டாண் டாணென்று பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அவளுடைய ஷகீலா டீச்சர் மார்க்கெட்டில் என்னைப் பார்த்து, "உங்க பொண்ணு என் மானத்தக் காப்பாத்திட்டாம்மா" என்றார். மீன் வாங்கப் போனவள் மீனை மறந்து நின்றேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை, மாமா.

மெஷினைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்கிற மாப்பிள்ளை அப்படியே திரும்பிப் போகட்டும். நமக்குக் காப்பித்தூள் மிச்சம்.

ஸ்டூடியோவில் படம் எடுத்தோம். மெஷினைக் கழற்றச் சொன்னார்கள். மாட்டேன் என்று நின்றாள். படம் இத்துடன் இருக்கிறது. பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்புங்கள், எனக்கு வேண்டும்.

தேவானை

மஸ்கட்
11.8.1994

அன்பு தேவானைக்கு,

படத்தைத் திருப்பி அனுப்ப மாட்டேன்.

முதலில் அதைத் துணிகளுக்கு அடியில்தான் வைத்தேன். வெள்ளிக்கிழமை எடுத்துச் சுவரில் ஒட்டினேன். அறையில் இருப்பவர்கள், "பாப்பா இன்னா மாட்டினுகீது, வாக்மேனா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். முடியவில்லை. "காது மெஷின். என் பொண்ணுக்குக் காது சரியா கேக்காது. அதிகாரி கேட்ட கேள்விக்குக் கிளாஸ்லயே அவதான் பதில் சொன்னா" என்றேன். வருஷக்கணக்காக ஒரே அறையில் இருக்கிறோம், இதை அன்றுதான் சொன்னேன். என்னை அறியாமல் குரல் உயர்ந்து, பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

எங்கள் அறை ராயப்பேட்டை ஷரஃபுதீன் மட்டும் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எல்லோரும் போன பிறகு என் கட்டிலில் வந்து உட்கார்ந்தார். அவருக்கும் பத்து வயதில் இப்படி ஒரு பெண். ஆஸ்பத்திரியில் கொடுத்த மெஷின் அலமாரியில் கிடக்கிறதாம். நாலு பேர் பேசுவார்கள் என்று பள்ளிக்கூடத்தையும் நிறுத்திவிட்டார்கள். "அந்தப் பைய ஒங்க ஊட்ல எப்டித் தச்சாங்கண்ணே?" என்று கேட்டார்.

அவர் வீட்டு விலாசத்தைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். போய் அந்தப் பிள்ளைக்கும் ஒன்று தைத்துக் கொடு. அளவெடுக்க நீ ஒருத்தி போதும். ஆனாலும் மணிமொழியைக் கூட்டிக்கொண்டு போ. அவர்கள் பார்க்க வேண்டியது அவளைத்தான்.

உன்
கோதண்டபாணி