வாயைக் கட்டும் வாரம்

மார்ச் 3

தையற்கூடத்தின் வாயிலில் இன்று ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்தது. ஐம்பதைக் கடந்த பணியாளர் அனைவரும் இம்மாதம் பதினேழாம் தேதி வெறும் வயிற்றுடன் இரத்தப் பரிசோதனைக்கு வர வேண்டுமாம். அதிலிருந்த எழுத்துப் பிழையைப் பேனாவால் திருத்திவிட்டே உள்ளே சென்றேன். நான் பள்ளியின் படியை மிதித்ததில்லை. பொட்டலம் கட்டி வந்த தாள்களைப் பிரித்துப் பிரித்தே படிக்கக் கற்றவள். அந்தக் கர்வம் எனக்கு உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும்.

என் பணி, தைத்து வரும் சட்டைகளில் குறை காண்பது. எல்லாரும் செக்கிங் டேபிள் என்பார்கள். நான் மட்டும் பரிசோதனை மேசை என்பேன். என் எண் எழுதிய சீட்டோடு போன சட்டை ஒன்றுகூட இதுவரை திரும்பியதில்லை. ஆனால் சட்டையைவிட ஆளைத் திருப்பி அனுப்புவது இவர்களுக்கு எளிது. சென்ற ஆண்டுப் பரிசோதனையில் சர்க்கரை கூடியிருந்த சிலரை, "ஒடம்பைப் பாத்துக்கங்க" என்று வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். எங்களை விட்டால் ஆளில்லை என்றுதான் நினைத்திருந்தேன். வீட்டுக்கு ஒன்று பிறப்பதே பெரிதாகிவிட்டது. அதுவும் படித்துவிட்டு விமானம் ஏறிவிடுகிறது. ஆனால் இப்போது, எங்கள் மொழி அறியாத பெண்களைப் பேருந்து பேருந்தாகக் கொண்டுவந்து இறக்குகிறார்கள்.

மேசை போனால் எனக்கு எஞ்சுவது இந்த அறை. மூன்றாம் மாடி, ஒரு சன்னல், சன்னலுக்கு எதிரே எழும்பிக்கொண்டிருக்கும் இன்னொரு கட்டடம்.

மார்ச் 10

வாயைக் கட்டும் வாரம் தொடங்கிவிட்டது. அதற்கு இப்பெயர் சூட்டியவள் அடுத்த மேசைக்காரி. சங்கு ஊதுவதற்கு முன்பே வந்து நிற்பவள் ஆதலால் அவளுக்குக் கடிகாரம் என்று பெயர்.

"அக்கா, இன்னைலேர்ந்து வாயைக் கட்டு. சோறு கையளவுதான். டீயில சீனி போட்டேன்னா கையை ஒடிச்சிருவேன்."

"ஒரு வாரம் போதுமாடீ?"

"வருஷம் பூரா படிக்கிறவளா பாஸாவுறா? கடைசி வாரம் முழிச்சுப் படிக்கிறவதான் பாஸாவுறா."

மேசைதோறும் இதே பட்டினிதான். உணவு இடைவேளையில் எவரும் எவருடைய டப்பாவையும் எட்டிப் பார்ப்பதில்லை. சர்க்கரைக்கு மாத்திரை விழுங்கும் எனக்கு இது புதிதன்று. ஒவ்வோர் ஆண்டும் இவ்வாறே தேறி வந்திருக்கிறேன். தேர்வு எழுதும் பேறு வாய்க்காத எனக்கு வாழ்வில் அமைந்த தேர்வு இது ஒன்றே.

மார்ச் 13

பசி. வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

மார்ச் 19

தேறிவிட்டேன்.

நிறுவனத்து மருத்துவர் தாளைப் பார்த்து முகம் மலர்ந்தார். "ரொம்ப நல்லா வச்சிருக்கீங்கம்மா. இனிமே மாத்திரை பாதி போதும்" என்று எழுதிக் கொடுத்தார். நான் மறுக்கவில்லை. மதிப்பெண் கூடக் கிடைத்தால் எந்த மாணவி மறுப்பாள்?

தாளைப் படம் பிடித்து மகளுக்கு அனுப்பினேன். குளிர் நாடு ஒன்றில், முதியோர் இல்லத்தில் செவிலியாக இருக்கிறாள். "பாஸாயிட்டியா. என் அம்மா யாரு" என்று குரல் அனுப்பினாள். நீ நலமா என்று கேட்டதற்கு, "நான் சூப்பரா இருக்கேன்" என்றாள். அவள் எப்போதும் சூப்பர்தான். அக்குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். அறையில் வேறு குரல் இல்லாதபோது ஒரே குரலைப் பலமுறை கேட்பதில் தவறில்லை.

மாலையில் கடிகாரம் என்னைத் தேநீர்க் கடைக்கு இழுத்துப் போனாள். "பரீட்சை முடிஞ்சுது, புத்தகத்தைத் தூக்கிக் கடாசு" என்று கூறி இரட்டைச் சீனி போடச் சொன்னாள்.

ஏப்ரல் 6

மகள் அழைக்கவில்லை. ஞாயிறு அங்கும் ஞாயிறுதானே?

ஏப்ரல் 21

அறையின் மின்விளக்கை மாற்றினேன். நாளிதழின் எழுத்துகள் நீருக்கடியில் கிடப்பனபோல் அசைகின்றன. கடைக்காரர் பழைய விளக்கை எரியவிட்டுப் பார்த்து, "பல்பு நல்லாத்தானேம்மா இருக்கு" என்றார். விவாதம் வேண்டாம், புதியது கொடுங்கள் என்றேன்.

புதியதும் சரியில்லை. இக்காலத்தில் எதையுமே ஒழுங்காகச் செய்வதில்லை.

மே 8

சட்டைகள் திரும்பி வந்துவிட்டன. பெட்டியோடு.

மேற்பார்வையாளர் என் மகளைவிட இளையவர். மற்றவர் காதில் விழாமல்தான் கேட்டார். "உங்க நம்பர் சீட்டும்மா."

"இருக்க இயலாது" என்றேன்.

அவர் ஒரு காலரைப் பிரித்து என் கண்ணருகே நீட்டினார். "இங்க பாருங்க. தையல் விட்டுப்போயிருக்கு."

பார்த்தேன். வெள்ளையாக இருந்தது, அவ்வளவுதான் தெரிந்தது. விரலால் தடவியபோது அகப்பட்டது. நூல் விட்ட இடம், பல் விழுந்த ஈறு போல.

"வெளிச்சம் போதவில்லை" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? தலைக்கு மேல ட்யூப்லைட்டு வரிசையா எரியுது. அந்தப் புள்ள அண்ணாந்து அதைப் பாத்துது, என்னைப் பாத்துது, ஒண்ணும் சொல்லாமப் போயிருச்சு. ரெண்டு வார்த்தை திட்டியிருந்தா நானும் ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன். பேசாமப் போனதுதான் தாங்கலை.

மே 9

இன்று முதல் விரலால் பார்க்கிறேன். எவருக்கும் தெரியாது. சட்டைகள் எனக்கு முன் மலைபோல் குவிகின்றன.

ஜூன் 2

கடிகாரம் பணிக்கு வரவில்லை. சங்கு ஊதியும் அவள் மேசை காலியாக இருந்தது. அப்படியொரு காட்சியை நான் கண்டதில்லை.

ஜூன் 6

பொது மருத்துவமனையில் இருக்கிறாள். செருப்புக் கடித்த புண்ணாம். வலியே தெரியாததால் அதை அவள் மதிக்கவில்லை. கால் கறுத்த பிறகே வந்திருக்கிறாள். பெருவிரலை எடுத்துவிட்டார்கள். மகன்கள் இருவர், ஒருவன் கப்பலில், மற்றவன் எண்ணெய்க் கிணற்றில். கட்டிலருகே உறவினருக்கென்று போட்டிருந்த நாற்காலியில் அவளுடைய கைப்பை உட்கார்ந்திருந்தது.

"வா அக்கா. ஒரு வெரல் கொறஞ்சிருச்சு. செருப்புக் கடையில வெலையைக் கொறைப்பானான்னு கேக்கணும்."

சிரித்தேன். அவளும் சிரித்தாள். பிறகு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மெல்லக் கேட்டாள்.

"நாம ரெண்டு பேரும் பாஸ்தானே அக்கா?"

போர்வையைச் சரிசெய்துவிட்டு எழுந்தேன்.

திரும்புகையில் பேருந்தின் பலகை தெரியவில்லை. அருகில் நின்றவரிடம் அது எங்கே போகிறது என்று கேட்டேன். "படிக்கத் தெரியாதாம்மா?" என்றார் பரிவாகத்தான். எனக்கா? எனக்கா படிக்கத் தெரியாது? பஸ்ஸை விட்டுட்டு வீடு வரைக்கும் நடந்தே வந்தேன்.

ஜூன் 16

அரசு கண் மருத்துவமனைக்குச் சென்றேன். சீட்டு எழுதும் பெண், "கூட யாரு வந்திருக்கா?" என்றாள்.

"நானே வந்திருக்கிறேன்."

"மருந்து விட்டாக் கண்ணு கூசும்மா, தனியா அனுப்ப மாட்டோம். ஆள் இல்லாதவங்க அந்த பெஞ்சுல உக்காருங்க."

அதற்கென்றே ஒரு பெஞ்சு இருக்கிறது. நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருடைய பிள்ளைகளும் எங்கெங்கோ நன்றாக இருக்கிறார்கள். ஒருவர் விடாமல் அதைச் சொன்னார்கள். இருவர் இருவராகச் சேர்த்துவிடுவது அங்கே வழக்கம். இன்று மருந்து விடப்பட்டவருக்கு மற்றவர் துணை. அடுத்த முறை மாற்றிக்கொள்ள வேண்டும். எனக்கு வாய்த்தவர் ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர்.

"மலைப்பாதையில லாரி ஓட்டினவன்மா நான். ஒங்களை ரோடு தாண்ட விடுறது பெரிசா?" என்றவர், குரலைத் தாழ்த்தி, "எடது கண்ணு எனக்குத் தெரியாது. நீங்க வலப்பக்கமா வாங்க" என்றார்.

கண்ணின் பின்திரையில் இரத்தம் கசிகிறதாம். வேறோர் இரத்தப் பரிசோதனையும் எடுத்திருக்கிறார்கள். முடிவுக்கு வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்கள்.

ஜூன் 20

கண் மருத்துவர் இளம்பெண். தாளைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

"மாத்திரையை யாரும்மா பாதியாக்குனது?"

"மருத்துவர்தான். என் பரிசோதனை முடிவு நன்றாக இருந்தது."

"அந்த டெஸ்டுக்கு முன்னாடி என்ன சாப்பிட்டீங்க?"

வாயைக் கட்டும் வாரத்தைப் பற்றிச் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் சிறுத்தது. அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"இது மூணு மாசக் கணக்கைச் சொல்ற டெஸ்டும்மா. ஒரு வாரப் பட்டினிக்கு ஏமாறாது. நீங்க பாஸாகலை. ஒங்களுக்கு வேண்டிய மருந்தைக் குறைக்கச் சொல்லி டாக்டர் கையாலயே எழுதி வாங்கிட்டு வந்திருக்கீங்க."

போன பார்வை திரும்பாதாம். இருப்பதைக் காப்பாற்றலாமாம், மாத்திரையை ஒழுங்காக விழுங்கி, உணவை ஆண்டு முழுவதும் அளந்து, லேசர் வைத்துக்கொண்டால். ஒரு வாரம் படித்தால் போதாது என்பதை அவள் எனக்கு எவ்வளவு மரியாதையாகச் சொன்னாள்.

ஜூன் 23

கண் மருத்துவமனைத் தாளை மேற்பார்வையாளரிடம் நானே நீட்டினேன். படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"இதை ஏம்மா இப்பக் காட்டுறீங்க? அடுத்த வருஷம் வரைக்கும் யாரும் கேக்க மாட்டாங்களே."

"என் சீட்டோடு குறையுள்ள சட்டை போகலாகாது. நான் பார்க்காததைப் பார்த்ததாகக் கையொப்பமிட என்னால் இயலாது. வேறு இடம் இருந்தால் கொடுங்கள், இல்லையெனில் போய்வருகிறேன்."

தாளை மடித்துத் திருப்பித் தந்தார். "மடிக்கிற பக்கம் ஆள் வேணும். நாள் பூரா நிக்கணுமே, முடியுமா?"

நின்றேன். அங்கே இருப்பவர் அனைவரும் பேருந்தில் வந்த பெண்கள். பேச்சு இல்லை, கையைப் பிடித்து மடிப்பைக் காட்டுகிறார்கள். கண் வேண்டாத வேலை. சம்பளம் குறைவு, மதிப்பும் குறைவு.

ஜூன் 29

ஞாயிற்றுக்கிழமை. காலையில் தாளைப் படம் பிடித்து மகளுக்கு அனுப்பினேன். உடனே அழைத்தாள்.

"அம்மா, இது யாரோட ரிப்போர்ட்டு?"

"என்னுடையது."

எல்லாவற்றையும் சொன்னேன். பட்டினியை, கண்ணை, விரலால் சட்டை பார்த்ததை, மேசையை விட்டு இறங்கியதை. திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"அம்மா, நான் வேலைக்குப் போயி ரொம்ப நாளாச்சு."

இல்லத்து முதியவர்களைக் கட்டிலிலிருந்து தூக்கித் தூக்கி முதுகு போய்விட்டதாம். சூப்பரா இருக்கேன் என்றதெல்லாம் படுத்தபடியே சொன்னதாம். "நீ பாஸான சந்தோஷத்துல இருந்த. நான் எப்படிச் சொல்றது?"

அடி என் தங்கமே. யார்டீ ஒனக்குத் தண்ணி எடுத்துக் குடுக்கிறா?

"அடுத்த ரூம்ல ஒரு பொண்ணு இருக்கா. அவ பேசுறது எனக்குப் புரியாது. ஆனா வருவா."

அழுதாள். நானும் அழுதேன், அழுது ஓய்ந்தோம். அழைப்பைத் துண்டிக்கப் போனேன்.

"வைக்காதம்மா. பேச வேணாம். அப்படியே இரு."

அலைபேசியை அருகில் வைத்துக்கொண்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். "என்னம்மா சத்தம்?" என்றாள் சற்று முன்பு. எழுதுகிறேன் என்றேன். "ம், எழுது" என்றாள். இப்போது அவள் மூச்சு சீராகக் கேட்கிறது. உறங்கிவிட்டாள் போலும். தாளைத் திருப்பினால் ஓசை எழும். இந்தப் பக்கத்துக்குள்ளேயே சின்னதாக எழுதி முடித்துக்கொள்கிறேன்.