வெள்ளிக்கிழமையில் வான்கோழி

நியூஜேர்சி
4 ஒக்டோபர் 1992

அன்புள்ள அம்மாவுக்கு,

நலமா? இரண்டு தடவை ரெலிபோன் எடுத்தேன். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டீர்கள். கடிதத்தை அப்படி வைத்துவிட ஏலாது, கிழிக்கத்தான் வேண்டும். கிழிப்பதற்கு முன்னால் எப்படியும் வாசிப்பீர்கள். மற்றவர்கள் விட்ட பிழைகளைப் பார்க்காமல் உங்களால் இருக்க முடியாது என்று எனக்குத் தெரியும்.

நவம்பர் கடைசியில் டேவிட்டுக்கு லண்டனில் ஒரு வாரம் கந்தோர் வேலை இருக்கிறது. நானும் வருகிறேன். டேவிட்டின் அம்மா ஹெலனும் எங்களோடு வருகிறா. அந்த வாரத்தில்தான் அமெரிக்கர்களின் நன்றிப் பண்டிகை, தாங்ஸ்கிவிங். எங்களுக்குக் கிறிஸ்மஸ் எப்படியோ, இவர்களுக்கு அது அப்படி. குடும்பம் முழுவதும் ஒரே மேசையில் இருந்து வான்கோழி சாப்பிட வேண்டும். நாங்கள் தங்கப்போகும் ஹொட்டேலில் ஒரு மேசை சொல்லி வைக்கலாம் என்று நினைக்கிறோம். நீங்களும் வாருங்கள். லூயிஷாமுக்குக் கார் அனுப்புகிறேன். நீங்கள் ஒன்றும் சமைக்க வேண்டாம்.

அப்பா போன பிறகு நாலு வருடமாகத் தனிய இருந்து சாப்பிடுகிறீர்கள். ஒரு நாளாவது எங்களோடு இருந்து சாப்பிடுங்கள் அம்மா.

உங்கள் அன்பு மகள்,
மரியமலர்


யேசு மரி சூசை

லூயிஷாம், லண்டன்
12 ஒக்டோபர் 1992

மரியமலருக்கு,

கடிதம் கிடைத்தது. பிழைகள் மூன்று. கையெழுத்தும் கெட்டுப் போயிருக்கிறது.

நான் தனிய இருந்து சாப்பிடுவதைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். தனியச் சாப்பிட்டாலும் விரிப்பு விரித்து, முள்ளையும் கரண்டியையும் அதனதன் இடத்தில் வைத்துத்தான் சாப்பிடுகிறேன். கொன்வென்ற்றில் எங்களை அப்படித்தான் பழக்கினார்கள். ரெலிவிஷனுக்கு முன்னால் மடியில் கோப்பையை வைத்துச் சாப்பிடும் ஆட்கள் இந்தக் கட்டடத்தில் நிறைய உண்டு. கவலைப்படுவதென்றால் அவர்களுக்காகக் கவலைப்படு.

நான் இருக்கும் ஊருக்கு வந்து, என்னையே ஹொட்டேலுக்குச் சாப்பிடக் கூப்பிடுகிறாய். கேட்பவர்கள் என்ன நினைப்பார்கள்? பியற்றிஸ் ரீச்சரின் குசினியில் அடுப்பு எரிவதில்லை என்றா? எனக்கு எழுபத்தொரு வயது. கை கால் இருக்கிறது. விருந்து என்றால் என் வீட்டில்தான். நான்தான் சமைப்பேன். சோறு, ஆட்டிறைச்சிக் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, பொரித்த மிளகாய், அப்பளம். கடைசியில் வட்டிலப்பம். வான்கோழி என்ற பேச்சே வேண்டாம். வீங்கிப்போன ஒரு கோழியை நடுவில் வைத்துத்தான் கடவுளுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று எனக்கு ஒருவரும் படிப்பிக்கவில்லை.

நீயும் அந்த அம்மாவும் வரலாம். மூன்று தட்டு வைக்கிறேன்.

பியற்றிஸ் யேசுரட்ணம்


நியூஜேர்சி
20 ஒக்டோபர் 1992

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கண்டதும் அழுதுவிட்டேன். நான் டேவிட்டைக் கல்யாணம் முடித்த பிறகு, ஆறு வருடம் கழித்து உங்கள் எழுத்து. திட்டித்தான் எழுதியிருக்கிறீர்கள், ஆனாலும் உங்கள் எழுத்து.

வீட்டிலேயே வைப்போம். மூன்று தட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். அவசரத்தில் உங்களைக் கணக்கில் விட்டுவிட்டீர்கள் போலும். நாங்கள் மூன்று பேர், உங்களோடு நாலு.

ஹெலனைப் பற்றிச் சொல்ல வேண்டும். போன மார்ச்சில் அவவுடைய கணவர் காலமானார். கல்யாணம் முடித்த நாள் முதல் ஒவ்வொரு வருடமும் அவ வான்கோழி வாட்டி வைப்பா, அவர் எழுந்து நின்று வெட்டிப் பரிமாறுவார். இந்த வருடம் அந்த மேசையைப் பார்க்கவே ஏலாது என்கிறா. அதனால்தான் எங்களோடு கூட்டி வருகிறோம். அவவுக்காகவாவது வான்கோழி வைப்போம் அம்மா. கூடவே பிசைந்த உருளைக்கிழங்கு, பாண் துண்டுகளைப் போட்டுச் செய்து வான்கோழியின் வயிற்றுக்குள் வைக்கும் உள்ளீடு, கிரான்பெரிப் பழக் களி, பூசணிக்காய்ப் பை. பை என்றால் மாவுக்குள் வைத்துச் சுடும் இனிப்பு. அவவுக்கு உறைப்பு ஒத்துக்கொள்ளாது, மிளகாய் சேர்க்காதீர்கள்.

பண்டிகை வியாழக்கிழமை. ஆனால் லண்டனில் அது வேலை நாள். டேவிட்டுக்கு அன்று பின்னேரம் வரை கூட்டம். அதனால் வெள்ளிக்கிழமை, 27ஆம் திகதி இரவு வைத்துக்கொள்வோம். ஒரு நாள் முன்பின் ஆனால் என்ன?

அன்பு மகள்,
மரியமலர்


யேசு மரி சூசை

லூயிஷாம், லண்டன்
28 ஒக்டோபர் 1992

மகள் மரியமலருக்கு,

அந்த அம்மாவின் கணவருக்காகப் போன ஞாயிற்றுக்கிழமை பூசை ஒப்புக்கொடுத்தேன். அவர் எங்கள் சபை இல்லை என்று பங்குச் சுவாமியிடம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

இனிச் சாப்பாட்டு விஷயம். பிசைந்த கிழங்கு பல் விழுந்தவர்களுக்கு. என் பல் நல்லாயிருக்கிறது. பூசணிக்காய் சோற்றோடு சாப்பிடும் மரக்கறி, அதற்குச் சீனி போடுவது எந்த ஊர்ப் புத்தி? பழத்தைக் களியாக்கி இறைச்சியோடு வைப்பதாம். மிளகாய் சேர்க்கக் கூடாதாம். மிளகாய் இல்லாமல் நான் சமைத்தது நீ பால்குடி மறந்த காலத்தில், உனக்கு.

எல்லாவற்றையும் பொறுப்பேன். ஆனால் வெள்ளிக்கிழமை! வாசித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்து மறுபடி வாசித்தேன். வெள்ளிக்கிழமை இரவு, என் வீட்டில், என் மேசையில், இறைச்சி. வெள்ளி சுத்தபோசனம் என்பதை நீ மறந்துவிட்டாய். ஆண்டவர் மரித்த கிழமையில் இறைச்சி தொடுவதில்லை என்று உனக்கு நடக்கத் தெரியும் முன்பே சொல்லித் தந்தேன். இந்த நாட்டு ஆயர்கள் இப்போது அதைக் கட்டாயம் இல்லை என்று விட்டுவிட்டார்கள் என்று நீ சொல்வாய். ஆயர்கள் விட்டால் நானும் விட வேண்டுமா? உன் அப்பா கடைசி வரைக்கும் சுத்தபோசனம் காத்தவர்.

எங்கள் கட்டடத்தில் மேல்மாடியில் இருக்கும் பிலோமினம்மாவிடம் சொன்னேன். "விடுங்கோ அக்கா, அமெரிக்காவிலை வெள்ளிக்கிழமை வேறை நாளாக்கும்" என்றாள். அவளுக்குச் சிரிப்பு.

27ஆம் திகதி வந்தால் மீன்தான். விருப்பம் என்றால் வாருங்கள்.

எனக்குக் கணக்குப் பிழைப்பதில்லை. மூன்று தட்டு.

அம்மா, பியற்றிஸ் யேசுரட்ணம்


நியூஜேர்சி
5 நவம்பர் 1992

அம்மா,

வெள்ளிக்கிழமையை நான் மறந்தது உண்மை. எழுதி அனுப்பிய பிறகு நினைவு வந்தது, வெட்கமாகவும் இருந்தது. உங்கள் கடிதத்தின் கடைசி வரியை வாசித்ததும் அந்த வெட்கம் போய்விட்டது.

அப்பாவின் செத்த வீட்டன்று அடக்கம் முடிந்து எல்லாரும் உங்கள் வீட்டுக்கு வந்தோம். பிலோமினம்மா அன்ரி சமைத்துக் கொண்டு வந்தா. வந்த சனம் எல்லாருக்கும் தட்டுப் போட்டீர்கள். அறிமுகமில்லாத ஆட்களையும் "இருந்து சாப்பிடுங்கோ" என்று கையைப் பிடித்து இருத்தினீர்கள். டேவிட் நடையில் சுவரோடு நின்றார். நீங்கள் அவரைக் கடந்து கடந்து குசினிக்குப் போய் வந்தீர்கள். அவருக்குத் தட்டு வரவில்லை. பிறகு லூயிஷாம் ஸ்ரேசன் வாசலில், மழையில் நின்று, கடையில் வாங்கிய சாண்ட்விச்சைச் சாப்பிட்டார். இன்றுவரை அதைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

அப்பா சுத்தபோசனம் காத்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்தில் இருந்தபோது வெள்ளிக்கிழமைகளில் கந்தோர் விட்டு வரும் வழியில் அவர் மாட்டிறைச்சி றோல் சாப்பிடுவார். என்னைப் பள்ளிக்கூடத்தால் ஏற்றி வரும் நாளில் எனக்கும் ஒன்று வாங்கித் தருவார். "கொம்மாட்டைச் சொல்லிப் போடாதை பிள்ளை, எங்கள் ரெண்டு பேரையும் ஒரே சைக்கிளிலை நரகத்துக்கு அனுப்பிப் போடுவா" என்று சொல்லிச் சிரிப்பார். அந்த மனிதர் டேவிட்டை நடையில் நிற்க விட்டிருக்க மாட்டார்.

நாலாவது தட்டு இல்லையென்றால் நாங்கள் ஒருவரும் வரவில்லை. ஹொட்டேலில் சாப்பிடுகிறோம். 23ஆம் திகதி புறப்படுகிறோம். அதற்கு முன் பதில் வராவிட்டால், இல்லை என்று எடுத்துக்கொள்வேன். பிறகு நான் எழுத மாட்டேன்.

மரியமலர்


யேசு மரி சூசை

லூயிஷாம், லண்டன்
13 நவம்பர் 1992

அன்பு மகளுக்கு,

இதை எக்ஸ்பிரஸில் போடுகிறேன். தபால் கந்தோரில் வரிசையில் நின்றேன், அதுவும் மழையில்.

உன் அப்பாவின் றோல் கதையை எனக்குப் புதினமாக எழுதியிருக்கிறாய். அவருடைய சேட்டுகளைத் தோய்த்தது யார் என்று நினைத்தாய்? பையிலே எண்ணெய் ஊறியிருக்கும், மிளகு மணக்கும். அன்றைக்கு இரவு "பசிக்கேல்லை பியற்றிஸ்" என்பார். நான் ஒன்றும் கேட்காமல் தட்டில் இரண்டு மீன் துண்டு கூடப் போடுவேன். அவரும் முழுவதையும் சாப்பிட்டு முடிப்பார். அவர் பிடிக்காத சுத்தபோசனத்தையும் சேர்த்துப் பிடிப்பது நான்தான். ஆயர்கள் சொல்லி அதை விட ஏலாது. உன்னையும் அதில் சேர்க்க வேண்டும் என்று இப்போதுதான் தெரிகிறது.

ஆகவே வெள்ளிக்கிழமை இறைச்சி இல்லை. இதில் மாற்றம் இல்லை.

நூலகத்துக்குப் போய்ப் பார்த்தேன். உங்கள் பண்டிகை நவம்பர் மாதம் நாலாவது வியாழக்கிழமை. அது 26ஆம் திகதி. பண்டிகை என்றால் அதற்கென்று ஒரு நாள் உண்டு. கிறிஸ்மஸ் வேலை நாளில் வந்தால் நாங்கள் சனிக்கிழமைக்குத் தள்ளி வைப்போமா? தங்களுடைய பெருநாளையே அதன் நாளில் வைக்கத் தெரியாதவர்களை என் மேசையில் இருத்த மாட்டேன். வியாழக்கிழமை வாருங்கள். டேவிட்டின் கூட்டம் பிந்தினால் எட்டு மணிக்கு வரட்டும். சாப்பாட்டை நான் சூடாக்கி வைக்கலாம். நாளைச் சூடாக்கி வைக்க ஏலாது.

வியாழக்கிழமை என்றபடியால் இறைச்சிக்குத் தடை இல்லை. வான்கோழி சொல்லியாயிற்று. மாக்கற் இறைச்சிக் கடைக்காரன், "கிறிஸ்மஸுக்கு இன்னும் நாள் கிடக்குதே, லவ்" என்றான். கடைக்கு வரும் பெண்கள் எல்லாரும் அவனுக்கு லவ்தான். என்னை மிஸிஸ் யேசுரட்ணம் என்று கூப்பிடும்படியும், நவம்பரிலும் மனிதர் சாப்பிடுவார்கள் என்றும் சொன்னேன். "சரி மிஸிஸ் யேசு, எடுத்து வைக்கிறேன்" என்றான். மீதி அவன் வாயில் வரவில்லை. மிஸிஸ் யேசு என்ற பெயருக்கு நான் தகுதியில்லை, ஆனால் பறவை கிடைக்கிறது, பேசாமல் வந்தேன்.

எங்கள் அவண் அடுப்பு சின்னது. பறவையின் அளவை நான் கையால் காட்ட, பிலோமினம்மா அவண் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "அக்கா, உது கோழியோ ஆட்டுக்குட்டியோ? இதுக்கை தலையும் போகாது" என்றாள். தலை இல்லாமல்தான் விற்பார்கள் என்றேன். ஆனால் அவள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. அதனால் கால்கள் இரண்டையும் வெட்டி எடுத்து வேறாகச் சமைக்கப் போகிறேன். நெஞ்சுப் பகுதி உங்கள் முறைப்படி, வெண்ணெய், உப்பு, மிளகு பூசி அவணில். கால்கள் என் முறைப்படி, வறுத்த கறித்தூள், தேங்காய்ப்பால், போதிய மிளகாய். எது முதலில் முடிகிறது என்று பார்ப்போம்.

உருளைக்கிழங்கு பிசைகிறேன். அந்தப் பழக் களியை நான் செய்ய மாட்டேன், கடையில் போத்தலில் இருக்கிறது. பூசணிக்காய் இனிப்பை ஹெலன் வந்து செய்யட்டும். புதன்கிழமை காலையிலேயே அவவைக் கொண்டுவந்து விடு. வேறொருவரின் குசினியில் நின்று வேலை செய்வது அவவுக்கு இந்த வருடம் நல்லது. எனக்கும் முதல் வருடம் என் சொந்தக் குசினிக்குள் போகவே பிடிக்கவில்லை. அவ செய்யும்போது நான் பக்கத்தில் நிற்பேன். வாயை மூடிக்கொண்டு நிற்பேன் என்று வாக்குத் தர ஏலாது.

அப்பாவின் செத்த வீட்டைப் பற்றி எழுதியிருந்தாய். வாசித்தேன். கடிதத்தைக் கிழிக்கவில்லை. அதற்கு மேல் என்னிடம் எதிர்பார்க்காதே. கோவிலில் நடக்காத கல்யாணத்தை நான் இன்றும் கல்யாணம் என்று ஒத்துக்கொள்ளவில்லை, அதையும் அவருக்கு முன்னாலேயே சொல்வேன். சாப்பாட்டுக்குப் பிறகு சொல்வேன்.

அப்பாவின் இறைச்சி வெட்டும் கத்தி, எலும்புப் பிடி போட்டது, உனக்கு நினைவிருக்கும். நாலு வருடமாகப் பேப்பரில் சுற்றி அலுமாரியில் கிடந்தது. கடைக்காரனிடம் கொடுத்துச் சாணை பிடித்துவிட்டேன். அதை மேசைத் தலைப்பில், அப்பாவின் கதிரைக்கு முன்னால், தட்டுக்கு வலப்பக்கம் வைக்கிறேன். என் மணிக்கட்டு இப்போது பாரம் தாங்காது, நான் வெட்ட மாட்டேன். டேவிட்டுக்கு நேராக வெட்டத் தெரியுமா என்று கேள். தெரியாவிட்டால் அங்கேயே ஒரு கோழியை வாங்கிப் பழகிக்கொண்டு வரச் சொல். எங்கள் மேசையில் யாரும் இறைச்சியைப் பிய்த்துப் போடுவதில்லை.

அம்மா

பி.கு.: மிஞ்சும் வான்கோழியை அடுத்த நாள் என் வீட்டில் ஒருவரும் தொடக் கூடாது. தமிழ்க் கடையில் வெள்ளிக்கிழமைக்கு அறக்குளா மீன் சொல்லி வைத்திருக்கிறேன், பெரிய துண்டாக நாலு. ஏழு மணிக்குப் பிந்த வேண்டாம். மீன் ஆறினால் நல்லாயிராது.