ஈரம் காயாத சுவர்

ஜூன் 3, செவ்வாய்

வீட்டுக்கு மேக்கப் போட்டு மாப்பிள்ளை தேடப் போகிறார்கள்.

அப்பாவுக்கு வேறு ஊருக்கு மாற்றல். எல்லோரும் கூடவே போக வேண்டுமாம், இந்த வீட்டை விற்க வேண்டுமாம். விற்கும் முன் வெளிச்சுவருக்குப் பெயின்ட். தரகர் திண்ணமாகச் சொல்லிவிட்டார்: "சார், வெளிர் நிறமா அடிங்க. வர்றவன் எவனா இருந்தாலும் பிடிக்கணும். அடர் கலர் மட்டும் வேணாம். அது குடியிருக்கிறவன் ஆசை, வாங்குறவனுக்கு ஆகாது."

தரகர் என்று பெயரில்தான் 'தர' இருக்கிறது. இதுவரை ஒரு மிட்டாய்கூடத் தந்ததில்லை.

என்னை யாரும் கேட்கவில்லை. அந்தச் சுவரில் இருக்கும் பந்துத் தழும்பு ஒவ்வொன்றும் என்னுடையது. கேட்டிருக்க வேண்டாமா?

ஜூன் 5

ஷேட் கார்டு வந்தது. வெள்ளை ஒன்றுக்கு மட்டுமே ஒரு பக்கம் நிறையப் பட்டப்பெயர். பெயின்டர் அண்ணன் முன்சுவரில் வரிசையாகக் கட்டம் கட்டமாக அடித்துக் காட்டினார். அம்மா முன்னறையில் தையல் கடை வைத்திருப்பவள் இல்லையா, நூல்கண்டுகளை எடுத்து வந்து ஒவ்வொரு கட்டத்திலும் வைத்துப் பார்த்தாள்.

"காலைல நல்லாத்தான் இருக்கு. சாயங்காலம் சோகை பிடிச்ச மாதிரி ஆயிடுது."

"சுவருக்கு ஜாக்கெட்டா தைக்கப் போற, மேட்ச் பாக்குறதுக்கு?" என்றார் அப்பா.

நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

இன்று ஒரு பாடம் படித்தேன், பள்ளிக்கூடத்தில் அல்ல.

குளியலறையை ஒட்டிய பின்சுவரில் லேசாக ஈரம் ஏறி ஓதம் பிடித்திருக்கிறதாம். பெயின்டர் அண்ணன் ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டினார். "உள்பக்கம் வேர்த்துச்சுன்னா சுவர் இன்னும் காயலன்னு அர்த்தம். ஈரத்துல அடிச்சா கொப்புளம் கொப்புளமா உரிஞ்சிடும். காயிற வரைக்கும் பிரஷ்ஷைத் தொட மாட்டேன்."

காயிற வரைக்கும். ஓஹோ.

ஜூன் 9

எல்லோருக்கும் முன்னால் எழுந்து செடிகளுக்குத் தண்ணீர் விட்டேன். "உடம்பு சரியில்லையாடி?" என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். செடிகள் சுவரோரமாக இருப்பது என் குற்றமா? தண்ணீர் டியூப் தானாகச் சுவர் பக்கம் திரும்பியது.

ஜூன் 12

தாளுக்குள் வேர்வை! அண்ணன் தலையைச் சொறிகிறார். "வெயில் இந்தப் போடு போடுது, இது எங்கேருந்து வருது?"

நெஞ்சில் ஈரம் இருந்தால் நல்ல மனுஷன். சுவரில் இருந்தால் நோயாளி. என்ன நியாயம்?

ஜூன் 14

தரகர் போனில். வீட்டைப் பார்க்க ஆள் வருகிறார்களாம். "இன்னும் பெயின்டே அடிக்கல சார்" என்று அப்பா கெஞ்சுகிற குரலில் சொன்னார். ஜெயித்தது நான்தான். ஆனால் சாப்பாடு இறங்கவில்லை.

அம்மா இன்னொரு நிறக் கட்டத்தையும் வேண்டாமென்று தள்ளிவிட்டாள். புளித்த மோர் நிறமாம்.

ஜூன் 16

மாட்டிக்கொண்டேன். கையில் டியூப், திரும்பினால் அம்மா! வாயில் பொய் வர எனக்கு எப்போதும் அரை நொடி போதும். இன்று வரவில்லை.

"மேலயும் கொஞ்சம் அடி. கீழ மட்டும் நனைஞ்சா சந்தேகம் வரும்."

அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள்.

அப்படியென்றால் அந்தச் சோகை? புளித்த மோர்? நான் தண்ணீரால் தள்ளிப்போட்டதை அவள் நூல்கண்டால் தள்ளிப்போட்டிருக்கிறாள்! அடப்பாவி அம்மா! எனக்கு வால் எங்கிருந்து முளைத்தது என்று ஊரே கேட்டதே.

ஆனால், ஏன் அப்பாவிடம் சொல்லவில்லை? — நான் மட்டும் சொன்னேனா?

ஜூன் 20

போச்சு. எல்லாம் போச்சு.

உள்ளே குழாய் கசிகிறது என்று பிளம்பரைக் கூட்டி வந்துவிட்டார்கள். குளியலறைச் சுவரை உடைத்தாயிற்று. அப்பா ஆசைப்பட்டு ஒட்டிய நீல டைல்ஸ், துண்டு துண்டாக. குழாயில் ஒரு ஓட்டை கிடையாது. பிளம்பர் போன பிறகும் அப்பா அந்தக் குப்பை நடுவே உட்கார்ந்து குழாயைத் தடவிக்கொண்டே இருந்தார். "எங்கேருந்துதான் வருது தண்ணி?"

அந்த முகத்தை... பாக்க முடியலப்பா என்னால.

"நான்தான்ப்பா."

பின்னாலிருந்து அம்மா: "நாங்கதான்."

அப்பா கத்துவார் என்று நின்றேன். கத்தவில்லை. "வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமே."

"வர்றியான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. மெஷினைத் தூக்கிட்டு வந்துடுவேன். தைக்க வர்றவங்களையும் தூக்கிட்டு வர முடியுமா?"

அப்பா கையில் இருந்த டைல்ஸ் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கேட்டா வரலன்னு சொல்லிடுவியோன்னுதான் கேக்கல. அங்க தனியா இருக்கணும்னு நெனச்சாலே ஒரு மாதிரி இருக்கு."

நான் இதை யோசிக்கவே இல்லை.

ஜூன் 22

யாரும் யாருடனும் பேசவில்லை. மிக்ஸிகூட அடக்கி வாசிக்கிறது.

ஜூன் 27

அப்பா ஷேட் கார்டை என் மடியில் போட்டார். "வாலு, தரகர் எந்தக் கலர் வேணாம்னார்?"

"அடர் கலர்."

"அதுல ஒண்ணு எடு."

புரிய ஒரு நிமிஷம் ஆனது. வீட்டை விற்கவில்லை. அவர் மட்டும் போகிறார். வாரக் கடைசியில் வருவார். நேற்று அம்மாவும் அவரும் பேசி முடித்திருக்கிறார்கள்.

குதித்திருக்க வேண்டும். குதிக்க வரவில்லை. செங்கல் சிவப்பைக் காட்டினேன். அம்மா ஒரு நூல்கண்டை அதன் மேல் வைத்து, "பொருந்துது" என்றாள். சாயங்காலம் வரை காத்திருக்கவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

முதல் கோட் நேற்று முடிந்தது. பின்சுவர் மட்டும் இன்று காலையில்தான். அப்பா பெட்டியோடு கிளம்பும்போது வேண்டுமென்றே அதைத் தொட்டுப் பார்த்தார். விரலெல்லாம் சிவப்பு. துடைக்கவில்லை.

"தெருமுனையில திரும்பும்போதே தெரியுது. தூக்கத்துல வந்தாக்கூட வீடு மாறாது" என்றார்.

ஒரு நக்கல் அடிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் ஆட்டோ வந்துவிட்டது.

மதியத்திலிருந்து மேகம் கட்டுகிறது. நானும் அம்மாவும் ஆளுக்கொரு முனை பிடித்துப் பின்சுவருக்குத் தார்ப்பாய் கட்டினோம். காற்று பிடுங்குகிறது, மறுபடி கட்டுகிறோம். இதோடு மூன்று முறை வெளியே போய்ப் பார்த்துவிட்டேன். எத்தனை நாள் டியூப் பிடித்த கை இது! இன்று வானத்திடம் கெஞ்சுகிறது: ஒரு சொட்டு விழக் கூடாது. காயட்டும்.