கோட்டில் காணாமல் போன ஓட்டை

மார்ச் 4

அக்கா போய் இன்றோடு இருபத்தொரு நாள். தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டேன். அவள் மூக்குக் கண்ணாடி மெஷின் பெட்டி மேலேயே கிடக்கிறது. கிடக்கட்டும்.

மார்ச் 6

புதுசாகத் திறக்கப்போகும் போர்க் காட்சிசாலையிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். அக்காவைத் தேடி வந்தாராம். மூணு வாரம் பிந்தி வந்துட்டீங்க என்றேன். மனுஷன் முகம் சுருங்கிப் போச்சு.

"அப்ப நீங்களே சொல்லுங்கம்மா. போர்ல நீங்க ரெண்டு பேரும் என்ன செஞ்சீங்க?"

"ஆஸ்பத்திரி சலவைக் கொட்டகையில இருந்தோம். அடிபட்டவங்க உடுப்புல ரத்தக்கறை போக்கி, கிழிசலைத் தச்சுத் திருப்பி அனுப்புவோம்."

"அது சரிம்மா. போர்ல?"

தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

மார்ச் 7

நேற்று முழுசாக எழுதவில்லை. கை ஓடவில்லை.

அவருக்கு வேண்டியது தளபதியின் கோட்டு விஷயம். மார்பில் குண்டு பாய்ந்தும் பாலத்தை விடாமல் காத்த தளபதி. அவர் செத்து ரெண்டு வருஷம் ஆகிறது. அன்று அவர் போட்டிருந்த கோட்டைக் காட்சிசாலையின் நடுக்கூடத்தில் வைக்கிறார்கள். கோட்டு இருக்கிறது, பித்தான் இருக்கிறது, குண்டு போன ஓட்டையைத்தான் காணோம். சலவைக் கொட்டகையில் ஒருத்தி தைத்தாள் என்று தளபதியின் மனைவி சொல்ல, அதிகாரி விசாரித்து விசாரித்து இங்கே வந்திருக்கிறார்.

"தையலைப் பிரிச்சு ஓட்டையை மறுபடி கொண்டு வரணும்மா. ஓட்டை இல்லேன்னா அது வெறும் கோட்டுதானே."

அக்கா இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். எனக்குச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

மார்ச் 10

காட்சிசாலைக்குப் போனேன். பீரங்கிக்கு ஒரு கூடம், குதிரைச் சேணத்துக்கு ஒரு கூடம். பெண்களுக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறோம் என்று அதிகாரி மாடிப்படிக்குக் கீழே கூட்டிப்போனார். ஒரு தேநீர்க் கெண்டி இருந்தது. யாருடையது என்று கேட்டேன். கடையில் வாங்கினதாம்.

கோட்டை மேஜையில் விரித்தார்கள். நான் மார்பைப் பார்க்கவில்லை. அடி மடிப்பைப் புரட்டினேன். உள்பக்கம் நூல் உருவின இடம், ஓட்டைப்பல் மாதிரி வரிசையாக. அக்கா வேலைதான். வேறு நூல் வைக்க மாட்டாள். அதே கோட்டின் மடிப்பிலிருந்து ஒவ்வொன்றாய் உருவி, இழைக்குள் இழையாக ஓட்டிவிடுவாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுத் தேடினாலும் தெரியாது. கொட்டகையில் நாற்பது பேர் இருந்தோம், ஒருத்திக்கும் அந்தக் கை வரவில்லை. எனக்கும்தான்.

அப்புறம் விரலை மெதுவாக ஓட்டினேன். வலது பக்கம், இரண்டாம் பித்தானுக்கு நாலு விரல் தள்ளி. துணி ஒரு பொட்டளவு தடிப்பு. விரலை எடுக்க மனசு வரவில்லை. வீட்டில் அவள் தைத்தது ஒன்றும் மிச்சமில்லை. எல்லாம் ஊரார் துணி.

"கிடைச்சுதாம்மா?"

"தெரியலீங்க."

மார்ச் 11

சொன்னால் பிரித்துவிடுவார்கள். சொல்லாவிட்டால் அப்படி ஒருத்தி இருந்தாள் என்பதே யாருக்கும் தெரியாது. நல்லாத்தான் மாட்டி வச்சிட்டுப் போயிருக்கே அக்கா என்னை. கொஞ்சம் மட்டமா தச்சிருந்தா என்ன?

மார்ச் 15

அதிகாரி கூப்பிட்டனுப்பினார். தளபதியின் மனைவி வந்திருந்தார். கைத்தடி, காது கொஞ்சம் மந்தம், வாய் மந்தமில்லை.

"உங்க அக்காதானா அது? சாகிற வரைக்கும் எங்க வீட்டுக்காரர் அவளைத் திட்டிக்கிட்டே இருந்தார். வெற்றி ஊர்வலத்துல இதைப் போட்டுக்கிட்டு, குண்டு பட்டது இங்கதான்னு காட்டுறார், ஒருத்தனும் நம்பலை. சட்டையைக் கழட்டித் தழும்பைக் காட்ட வேண்டியதாப் போச்சு."

அந்த ஊர்வலம் எனக்கும் நினைவிருக்கிறது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று நாங்கள் பூ எறிந்தோம். அக்கா கை வெடிப்பெல்லாம் எரியுது என்று எறியவில்லை. இத்தனை வருஷம் அவளை மறக்காத ஆள் ஒருத்தர் இருந்திருக்கிறார். திட்டினாலும் என்ன.

மனசு இளகிப் போச்சு. அந்த அம்மா விரலைப் பிடித்து அந்தப் பொட்டின் மேல் வைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு தடவினார்.

அதிகாரி கத்தரியோடு நின்ற ஒருத்தரைக் கூப்பிட்டார்.

"பிரிக்கக் கூடாதுங்க" என்றேன். அவ்வளவுதான் வந்தது வாயில்.

"ஜனங்க ஓட்டையைத்தானேம்மா பார்க்க வருவாங்க?"

தளபதியின் மனைவி கைத்தடியைத் தரையில் தட்டினார். "கோட்டு என்னோடது தம்பி. ஒரு நூல் பிரிஞ்சா வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுவேன். ஓட்டைதான் வேணும்னா போய் அந்த மாடிப்படிக் கீழ இருக்கிற கெண்டியில போட்டுக்கோ."

மார்ச் 16

தூங்கினேன். நல்ல தூக்கம்.

ஏப்ரல் 2

காட்சிசாலை திறந்து மூன்றாம் நாள். கூட்டம் குறையட்டும் என்று இன்றைக்குத்தான் போனேன். குறையவில்லை. பீரங்கிப் பக்கம் ஆளே இல்லை, எல்லாரும் கோட்டுக்கு முன்னால். கீழே ஒரு அட்டை, எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'குண்டு துளைத்த இடம் இந்தக் கோட்டில் உள்ளது. தைத்தவர்' என்று போட்டு, அக்கா பேர். முழுப் பேர். சலவைக் கொட்டகை என்றும் போட்டிருக்கிறார்கள்.

ஒரு அப்பா மகளைத் தூக்கிப் பிடித்துக் காட்டுகிறார். "இங்கதான் இருக்கும் பாரு." "இல்லப்பா, அங்க." கண்ணாடியெல்லாம் மூக்குப் பட்ட தடம்.

நாற்பது வருஷம் யாரும் அவளைத் தேடவில்லை. இப்போது வரிசையில் நின்று தேடுகிறார்கள். கிடைக்க மாட்டாள்.

நானும் கொஞ்ச நேரம் வரிசையில் நின்றேன்.